கோட்டூர்புரத்தில் என் மேஜை

காலை எட்டரை வாக்கில் வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறினால் ஆறாவது நிறுத்தம் கோட்டூர்புரம். இறங்கிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்ததுமே எனக்குள் ஒரு துள்ளல் வந்துவிடும். மூன்று வருஷமாகப் போகிறேன், அது கொஞ்சமும் குறையவில்லை. காந்தி மண்டபம் சாலையில் அந்தப் பெரிய கட்டடத்தின் கண்ணாடி முகப்பு கண்ணில் பட்டுவிட்டால், சுற்றுலா பஸ்ஸைப் பார்த்த பள்ளிப் பிள்ளை மாதிரி நடை தானாக வேகமாகிவிடும். அண்ணா நூற்றாண்டு நூலகம். எனக்கு அதுதான் ஆபீஸ்.

நான் மொழிபெயர்ப்பாளர். எந்தக் கம்பெனியிலும் சம்பளத்துக்கு இல்லை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள், பம்பு செட்டோடு வரும் கையேடு, வங்கிப் படிவம், விதைப் பாக்கெட்டின் பின்பக்கம் என்று எது வந்தாலும் செய்வேன். சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி. எட்டு வருஷம் இதைப் படுக்கையறை மூலையில் ஒரு சின்ன மேஜை போட்டுச் செய்தேன். வீட்டில் இருக்கிறவள் வேலையில் இருக்கிறாள் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. சிலிண்டர் வரும், கூரியர் வரும், “நீ வீட்லதானே இருக்க” என்று ஆரம்பிக்கும் போன் வரும். பகலெல்லாம் இப்படிச் சிதறிப் போக, உண்மையான வேலை இரவு பத்து மணிக்கு மேல்தான் தொடங்கும். மகள் ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் கேட்டாள்: “அம்மா, உனக்கு எப்பத்தான் வேலை முடியும்?” எனக்குப் பதில் தெரியவில்லை.

அப்புறம் ஒரு ராத்திரி, மருந்துத் தாள் ஒன்றில் ‘இரண்டு வேளை’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘மூன்று வேளை’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். சரிபார்த்தவர் பிடித்துவிட்டார், அச்சுக்குப் போகவில்லை. ஆனாலும் அன்றைக்கு என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. அடுத்த திங்கட்கிழமையே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கோட்டூர்புரத்துக்குப் போனேன்.

நூலகத்துக்குள் நுழையக் காசு கிடையாது. இதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் இரண்டாம் முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொள்கிறார்கள். ஆமாம், கிடையாது! தரைத்தளத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பவர்களுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. வரிசை வரிசையாகப் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். அவர்கள் நடுவில்தான் என் இடம். முதல் நாள் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தவள், நிமிர்ந்து பார்த்தபோது மணி ஒன்று ஆகியிருந்தது. வீட்டில் இரண்டு நாள் இழுக்கும் வேலை, அந்த ஒரு காலையில் முடிந்திருந்தது. பக்கத்தில் நூறு பேர் தலை குனிந்து உழைத்துக்கொண்டிருக்கும்போது, நம் கை போனை எடுக்கவே கூசுகிறது.

ஆனால் என்னை அந்த இடத்தின் மீது பித்தாக்கியது இரண்டாம் மாடி.

தமிழ்ப் புத்தகங்கள் மொத்தமும் அந்தத் தளத்தில்தான். சொட்டு நீர்ப் பாசனக் கையேடு ஒன்று கையில் இருந்த சமயம். முன்னுரையில், அந்தக் காலத்தில் மாடு கட்டிக் கிணற்றிலிருந்து நீர் இறைத்ததைப் பற்றி ஒரு பத்தி. நான் தஞ்சாவூர்ப் பக்கம். எனக்கு வாய்க்கால் தெரியும், மடை தெரியும், மிஞ்சிப் போனால் ஏற்றம் தெரியும். மாடு கட்டி இறைப்பதற்கு என்ன சொல் போடுவது? தமிழ்நாடு முழுக்கப் போகிற கையேடு அது. மடிக்கணினியை மூடி, பக்கத்தில் இருந்த பெண்ணிடம் “பார்த்துக்கம்மா” என்று சொல்லிவிட்டு, நோட்டும் பேனாவுமாக மேலே ஏறினேன்.

அகராதி அடுக்கின் முன்னால் நின்றபோது எனக்கு உண்மையாகவே மூச்சு முட்டியது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனிலிருந்து தொடங்கலாம். கி. ராஜநாராயணன் 1982இல் தொகுத்துக் கொண்டுவந்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைப் புரட்டலாம். பெருமாள்முருகன் 2000இல் கொண்டுவந்த கொங்கு வட்டாரச் சொல்லகராதிக்குப் போகலாம். ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்களைக் கேட்டுப் பொறுக்கிச் சேர்த்த சொற்கள்! கோவில்பட்டிப் பக்கம் அது கமலை. கொங்கு நாட்டில் அதுவே கவலை. சால் என்கிற வாளியைக் கிணற்றுக்குள் இறக்கி, மாடுகள் சரிவில் நடக்க நடக்கத் தண்ணீர் மேலேறி வாய்க்காலில் கொட்டும் அந்தக் காட்சியை, வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்க்காத நான், அந்த மேஜையில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு சொல்லைத் தேடிப் போனவள் நோட்டில் நாற்பது சொற்களோடு இறங்கி வந்தேன். வடம், சால், பாத்தி, வரப்பு, தண்ணி கட்டுறது... கையேடு முழுவதையும் முதலிலிருந்து திருத்தி எழுதினேன். யாரும் கேட்கவில்லை, அதற்குக் கூடுதல் காசும் இல்லை. என்னால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இரண்டு வாரம் கழித்து வேலை கொடுத்தவர் போன் செய்தார். “மேடம், எங்க ஆபீஸ்ல ஒருத்தர் ஒட்டன்சத்திரத்துக்காரர். படிச்சுட்டு, எங்க தாத்தா பேசுற மாதிரியே இருக்குன்னு சொன்னார்.” எட்டு வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஆகப் பெரிய பாராட்டு அதுதான். படுக்கையறை மூலையில் இணையத்தை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தால், ‘எருது இழுவை நீரேற்றும் முறை’ என்று எதையாவது எழுதிக் கொடுத்திருப்பேன்.

அதிலிருந்து எனக்கு ஒரு வழக்கமே உண்டாகிவிட்டது. மதியம் சாப்பிட்டதும் அரை மணி நேரம் மேலே ஏறிவிடுவேன். வேலைக்குச் சம்பந்தமில்லாத ஏதாவது ஒரு அடுக்கு. பெரியசாமித் தூரன் பொறுப்பில் பத்துத் தொகுதிகளாக வந்த கலைக்களஞ்சியத்தில் ஏதோ ஒரு பக்கம். ஏழாவது மாடியில் பயண நூல்கள். முதல் மாடியில் குழந்தைகள் பகுதி, அங்கே நடுவில் நிற்கும் அந்தச் செயற்கை மரத்தைப் பார்த்தாலே மனசு லேசாகும். கோடை விடுமுறையில் மகளையும் கூட்டிப் போவேன். அவள் முதல் மாடி, நான் தரைத்தளம். மதியம் படிக்கட்டில் சந்தித்து ஒரே டப்பாவிலிருந்து புளிசாதம் சாப்பிடுவோம்.

அங்கே பழகிய மனிதர்களைச் சொல்லாமல் விட்டால் எதையும் சொன்னதாகாது. தனியாகத் தொழில் செய்கிறவர்களின் பெரிய பசி சக ஊழியர்தான். எனக்கு அங்கே அவர்கள் கிடைத்தார்கள். என் மடிக்கணினியைக் காவல் காத்த அந்தப் பெண் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். ஒரு நாள் மெதுவாகக் கேட்டாள்: “அக்கா, நீங்க எந்தப் பரீட்சைக்குப் படிக்கிறீங்க?”

“படிக்கலம்மா, வேலை பார்க்கிறேன்.”

“இங்கயேவா? சூப்பர்க்கா!”

அவளுக்குப் பொதுத் தமிழில் சந்தேகம் வந்தால் நான், எனக்கு எக்செல் மக்கர் செய்தால் அவள். இரண்டு நாள் போகாவிட்டால் வாசலில் காவலாளி அண்ணன், “என்னம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்பார். தரைத்தளத்திலேயே பிரெய்ல் பிரிவும் இருக்கிறது. அங்கே ஒருவர் தாளின் மேல் விரலை ஓட்டிப் படிப்பதை ஒருமுறை பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். ஒரு புள்ளியைக்கூட அவர் விரல் தாண்டிப் போகவில்லை. அன்று முதல் மருந்துத் தாள்களைச் சரிபார்க்கும்போது நானும் விரல் வைத்துத்தான் படிக்கிறேன், ஒவ்வொரு சொல்லாக.

இந்தக் கட்டடம் நமக்குச் சும்மா நிலைத்துவிடவில்லை என்பதும் அதன்மேல் எனக்குள்ள பாசத்தைக் கூட்டுகிறது. 2010 செப்டம்பர் 15, அண்ணாவின் பிறந்தநாளில் திறந்தார்கள். எட்டு ஏக்கர் நிலம், 12 லட்சம் புத்தகங்கள் வைக்கும் அளவுக்கு இடம். அடுத்த ஆண்டே இதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அரசு அறிவித்தது. வழக்குப் போட்டார்கள், சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது, நூலகம் நூலகமாகவே நின்றது. முகம் தெரியாத அந்த வழக்குக்காரர்களுக்கு நான் தினமும் மனசுக்குள் ஒரு கும்பிடு போடுகிறேன்.

வாடிக்கையாளரோடு வீடியோவில் பேச வேண்டிய நாளில் மட்டும் இங்கே வர முடியாது. பெரம்பூரில் இருக்கும் என் தோழி, வரைகலை செய்கிறவள், அதற்கும் ஒரு வழி காட்டினாள். கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகம், மேஜையை வாடகைக்கு எடுத்து வேலை பார்க்கும் இடம். அரை நாளுக்கு 50 ரூபாய், முழு நாளுக்கு 100 ரூபாய். எங்களைப் போன்றவர்களை நினைத்து ஒருவர் மேஜை நாற்காலி போட்டிருக்கிறாரே என்று அவளுக்கு அவ்வளவு பூரிப்பு. ஒரு நாள் அவளோடு போய் உட்கார்ந்து பார்த்தேன். அந்தப் பக்கம் வீடு இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். வேளச்சேரியிலிருந்து எனக்குத்தான் தூரம்.

என் நாள் ஐந்தரைக்கு முடிகிறது. மடிக்கணினியைப் பையில் போட்டு ஜிப்பை இழுக்கும் அந்தச் சத்தத்தோடு வேலை முடிந்துவிடும். மறுநாள் காலை வரை அந்தப் பையை வீட்டில் திறப்பதில்லை. வீட்டுக்குள் நுழையும்போது வெளியே போய்விட்டு வந்தவளாக நுழைகிறேன். “அம்மா வந்தாச்சு!” என்று ஒரு குரல் கேட்கிறது. எட்டு வருஷம் வீட்டுக்குள்ளேயே இருந்தபோது எனக்குக் கிடைக்காத குரல் அது. படுக்கையறை மூலையில் இருந்த மேஜை இப்போது மகளுடையது. அதில் கலர் பென்சில்கள் இறைந்து கிடக்கின்றன.

நேற்று புது வேலை ஒன்று வந்திருக்கிறது. தேனீ வளர்ப்புக் கையேடு, அறுபது பக்கம். கொம்புத் தேன், அடுக்குத் தேன், கொசுத் தேன் என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். மலைப்பக்கத்து ஆட்கள் இன்னும் என்னென்ன சொல்வார்களோ! நாளைக்கு முதல் ஆளாகப் போய் இரண்டாம் மாடி ஏற வேண்டும்.