வண்ணத்துப்பூச்சியும் சுவர்ப் படமும்

டொமினிக்கன் குடியரசின் சர்வாதிகாரி ட்ருஹில்லோவை எதிர்த்து நின்ற மிராபல் சகோதரிகளுள் மூவர் 1960 நவம்பர் 25 அன்று கொலையுண்டனர். அவர்தம் வரலாற்றை ஜூலியா ஆல்வரெஸ் அம்மையார் ‘வண்ணத்துப்பூச்சிகளின் காலத்தில்’ எனும் பொருள்படும் ஆங்கில நாவலாக 1994இல் வெளியிட்டார். சகோதரிகளின் மறைபெயரே தலைப்பாயிற்று. ஆயினும் நாவலின் ஆழம் வண்ணத்துப்பூச்சியில் இல்லை. வீட்டுச் சுவரில் இருக்கிறது.

அங்கே நல்ல மேய்ப்பரின் படத்தருகே சர்வாதிகாரியின் படமும் தொங்குகிறது. பக்தி மிக்க மூத்தவள் பாத்ரியாவின் கண்ணுக்கு ஒருநாள் இரு முகங்களும் ஒன்றாய்க் கலந்து தோன்றுகின்றன; அவள் விசுவாசம் ஆட்டங்காண்கிறது. பின்னாளில் மகன் சிறைப்பட்டபோதோ, அவள் அக்கொடியோனின் படத்திற்கே மலர் வைத்து மன்றாடுகிறாள். மகனுக்கு ஈடாகத் தன்னையே தர முன்வருகிறாள். இதனை விக்கிரக ஆராதனை எனத் தள்ளிவிடுதல் எளிது. ஆனால் ஈடுபலியின் மொழியை அவள் கற்றது மற்றப் படத்தினிடமிருந்தன்றோ? ஆசிரியை தீர்ப்பேதும் கூறவில்லை. நாவலில் இதனினும் துணிவான இடம் வேறில்லை.

ஏனைய குறியீடுகள் சற்று எளிதாகவே வந்து விழுகின்றன: மினெர்வா சர்வாதிகாரியை அறைந்ததும் மழை கொட்டுகிறது!

சகோதரிகளைத் தெய்வமாக்குவதன் ஆபத்தைப் பின்னுரையில் ஆசிரியையே சுட்டுகிறார்; கொடுங்கோலனை உருவாக்கியதும் அதே உந்துதல்தான் என்கிறார். அங்ஙனமாயின் மரியா தெரேசாவின் கூந்தற் பின்னலை என்னென்பது? எஞ்சிய சகோதரி தேதே, தங்கையின் சடலத்திலிருந்து அதனை வெட்டி எடுக்கிறாள். அஃது இன்று அவர்கள் வாழ்ந்த இல்லமாகிய அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது.