மீனாவுக்கு என்ன ஆயிற்று?

‘முடிவைப் பார்வையாளர்களிடமே விட்டுவிட்டேன்’ என்று ஓர் இயக்குநர் சொல்லிவிட்டால், அதற்கு மேல் கேள்வி கேட்பது ரசனைக் குறைவு என்றாகிவிட்டது. கேட்பவர்களுக்குச் சண்டையும் பாட்டும் சுபமும் இல்லாமல் படம் பார்க்கத் தெரியாதவர்கள் என்ற பெயர் கிடைக்கிறது. திரைப்பட விழாக்களின் பாராட்டும், ‘நம்மை யோசிக்க வைக்கும் முடிவு’ என்று எழுதிப் பழகிய விமர்சனங்களும் சேர்ந்து, திறந்த முடிவை ஒரு தரச்சான்றாகவே ஆக்கிவிட்டன. 2024 ஆகஸ்ட் 23 அன்று பி. எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ திரைக்கு வந்தபோது இந்தப் பேச்சு உச்சத்துக்குப் போனது. பெர்லின் விழாவில் திரையிடப்பட்டு வந்த படம் அது. ‘அவ்வளவுதானா?’ என்று கேட்டபடி இருக்கையை விட்டு எழுந்தவர்களிடம், குறை படத்தில் இல்லை, உங்கள் பழக்கத்தில் இருக்கிறது என்று விளக்கம் சொல்லப்பட்டது. அந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை. அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி.

திறந்த முடிவு ஏன் தேவைப்பட்டது என்பது எனக்குத் தெரியும். கடைசி ஐந்து நிமிடத்தில் வில்லன் திருந்துவது, எல்லாம் முடிந்தபின் போலீஸ் ஜீப் வருவது, ஆயிரம் நாள் கொடுமை செய்த மாமியார் கடைசி வாரத்தில் மருமகளைக் கட்டிப்பிடித்து அழுவது என்று நம் படங்களும் நெடுந்தொடர்களும் சொல்லிவந்த பொய்கள் ஏராளம். அந்தப் பொய்யைச் சொல்ல மறுப்பது ஒரு நேர்மை. பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) அப்படி மறுத்த படம். அரும்பாடு பட்டு நாயகி சுதா எழுப்பிய வீடு நிற்கும் நிலம் ஏற்கெனவே அரசுத் துறை கையகப்படுத்தியது என்று தெரியவருகிறது. அவள் நீதிமன்றத்தில் காத்திருக்கிறாள். படம் அங்கே முடிகிறது. அந்தக் காத்திருப்புதான் அவளுக்கு நேர்ந்தது. இந்த நாட்டில் வழக்குக்குப் போன நடுத்தர வர்க்கத்துப் பெண்ணின் கதை அங்கேதான் நிற்கும். படம் எதையும் மறைக்கவில்லை.

கச்சிதமாகக் கட்டப்பட்ட முடிவின் குறையையும் சொல்லிவிடுகிறேன். அங்காளம்மன் தலமான மேல்மலையனூரைச் சேர்ந்த எங்களுக்கு அதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. புஷ்கர்–காயத்ரி எழுதி 2022இல் வந்த ‘சுழல்’ தொடரின் முதல் பருவம் அங்காளம்மன் திருவிழாவையும் மயானக் கொள்ளையையும் பின்னணியாகக் கொண்டு எடுக்கப்பட்டது. எட்டு அத்தியாயங்கள் சந்தேகத்தை ஊர் முழுக்கச் சுற்றவிட்டு, குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருந்த உறவுக்காரன் என்று காட்டி, நாயகி நந்தினியின் கையாலேயே அவனுக்குத் தண்டனை கொடுத்தது. பிள்ளைகளுக்கு ஆபத்து வெளியிலிருந்துதான் வரும் என்று நம்பும் குடும்பங்களுக்கு அது சொல்ல வேண்டிய சேதி. ஆனால் ஒரு கயவன் செத்ததும் கணக்குத் தீர்ந்தது என்ற நிம்மதியையும் அந்த முடிவு சேர்த்தே கொடுத்தது. வருடக்கணக்கில் அவனை யாரும் சந்தேகிக்காமல் இருந்தது எப்படி என்ற கேள்வி, அம்மனின் சங்காரம் என்ற பிரம்மாண்டத்தில் அமுங்கிப்போனது. ஆனாலும் அந்தத் தொடர், நடந்தது இது, செய்தவள் இவள் என்று தயங்காமல் சொன்னது. அதனால்தான் அதோடு நாம் சண்டை போட முடிகிறது. இரண்டாம் பருவம் தொடங்கும்போது நந்தினி சிறையில் இருக்கிறாள். செய்ததற்கு விலை உண்டு என்பதையும் தொடர் தட்டிக்கழிக்கவில்லை.

‘கொட்டுக்காளி’யோடு அப்படிச் சண்டை போட முடியவில்லை. என் ஆட்சேபணையின் வேர் அதுதான்.

கதை தெரிந்ததுதான். வேறு சாதிப் பையனை விரும்பிய மீனாவுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று குடும்பம் முடிவு செய்கிறது. அவளை மணக்க இருக்கும் முறைமாமன் பாண்டி, தொண்டை கட்டிய குரலோடு, உறவுகளைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவிலும் பைக்கிலுமாக ஒரு சாமியாடியைப் பார்க்கக் கிளம்புகிறான். காலில் கயிறு கட்டிய சேவல் ஒன்றும் உடன் வருகிறது. மீனா பேசுவதில்லை. வழியில் ஒலிபெருக்கியில் கேட்ட பாட்டை அவள் முணுமுணுத்ததற்காகப் பாண்டி அவளையும் தடுக்க வந்த பெண்களையும் போட்டு அடிக்கிற காட்சி, தமிழ்ச் சினிமாவில் ஆணின் வெறி மிக உண்மையாகப் பதிவான காட்சிகளில் ஒன்று. ஆண்கள் விரட்ட முடியாத காளையை ஒரு சிறுமி எளிதாக நகர்த்திச் செல்வதும் அப்படியே. பின்னணி இசை இல்லாமல் இவ்வளவு இறுக்கத்தை உண்டாக்கிய இயக்குநரின் திறமையில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. கடைசியில் சாமியாடியின் இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். முன்னால் வந்த இன்னொரு பெண்ணுக்குச் சடங்கு நடக்கிறது. பாண்டி அதைப் பார்க்கிறான், கலங்குகிறான். மீனா என்ன ஆனாள் என்று சொல்லாமல் படம் முடிந்துவிடுகிறது.

யார் யோசிப்பதற்காக இந்த முடிவு? பேயும் பேயோட்டமும் உண்மை என்று நம்பி வந்தவர், சடங்கு நடந்து பெண் குணமாகிவிட்டாள் என்று நிரப்பிக்கொள்வார். அது கொடுமை என்று நினைத்து வந்தவர், பாண்டி மனம் மாறி வண்டியைத் திருப்பிவிட்டான் என்று நிரப்பிக்கொள்வார். இரண்டு பேரும் உள்ளே வந்த மனதோடு அப்படியே வெளியே போகிறார்கள். வெற்றிடத்தை நிரப்பச் சொன்னால் மனிதர் தம்மிடம் ஏற்கெனவே இருப்பதை எடுத்துத்தான் நிரப்புவார். எதிர்பாராத ஒன்றை முன்னால் வைத்து, ‘இதை என்ன செய்யப் போகிறாய்?’ என்று கேட்கும்போதுதான் யோசனை பிறக்கிறது. திறந்த முடிவு சிந்திக்க வைக்கும் என்று இத்தனை பேர் எழுதியதில் ஒருவர்கூட இதற்குப் பதில் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

பேச்சும் புதிர் விடுவிப்பதாகக் குறுகிவிடுகிறது. அமெரிக்கத் தொடரான ‘தி சோப்ரானோஸ்’ 2007இல் சட்டென்று இருண்ட திரையோடு முடிந்தது. ஆறு பருவங்களாக டோனி என்ற கொலைகாரனோடு நாம் ஏன் பாசமாக உட்கார்ந்திருந்தோம் என்பதே அந்தத் தொடரின் பெரிய கேள்வி. இன்றுவரை பெரும்பாலும் நடப்பதோ, டோனி செத்தானா இல்லையா என்ற விவாதம். 2010இல் வந்த ‘இன்செப்ஷன்’ படத்தின் கடைசியில் சுழலும் பம்பரம் விழுந்ததா என்ற விவாதமும் அதே வகை. ‘கொட்டுக்காளி’க்கும் அதுவே நேர்ந்தது. பாண்டி திரும்பினானா என்று பேசினோம். ஒரு பெண்ணின் விருப்பத்தைப் பேய் என்று பெயர் வைத்துத் துரத்தும் குடும்பத்தைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் அதில் கரைந்தது.

பேயோட்ட வந்து நிற்கும் பெண்ணின் நிலை எங்களூரில் ஒரு திரைக்கதைப் புதிர் இல்லை. பிரம்மனின் தலையைக் கொய்த பாவத்தால் சிவனின் கையில் ஒட்டிய கபாலத்தை, உணவைச் சூறைவிட்டுக் கீழே இறக்கி, காலால் மிதித்து அடக்கிய அங்காளபரமேஸ்வரியின் தலம் இது. அமாவாசை இரவு ஊஞ்சல் உற்சவத்துக்கு வரும் கூட்டத்தில் தலைமுடி அவிழ்ந்து ஆடும் பெண்களும் இருப்பார்கள். பம்பையும் உடுக்கையும் அடித்து, நீ யார், எந்த ஊர், எப்போது போவாய் என்று கேட்பார்கள். பேய் பெயர் சொல்லும். அகாலத்தில் செத்த ஓர் ஆணின் பெயராகப் பல நேரம் அது இருக்கும். உச்சி முடியில் ஒரு கொத்தை எடுத்து மரத்தில் ஆணி அடித்துவிட்டால் பேய் போய்விட்டது என்று பொருள். அந்தச் சடங்கை நம்புகிறவரும் உண்டு, வெறுக்கிறவரும் உண்டு. ஆனால் அதன்பின் அந்தப் பெண் ஒரு வீட்டுக்குத் திரும்புகிறாள். அங்கே கணவனோ தகப்பனோ அண்ணனோ இருக்கிறான். அவளுக்கு ஏதோ ஒன்று நடக்கிறது. கடைசிப் பேருந்து கிளம்பிய பிறகும் அவள் வாழ்க்கை ஓடிக்கொண்டுதான் இருக்கும். இப்படியொரு பெண்ணைக் கதையின் நடுவில் உட்கார வைத்த கலைஞர், அவளுக்கு நடந்தது என்ன என்று கேட்டால் நீங்களே சொல்லுங்கள் என்கிறார்.

இன்னும் ஒன்று. அந்த முடிவில் உண்மையில் திறந்திருப்பது பாண்டியின் மனம். அவன் கலங்குவானா, மாறுவானா என்பதே கடைசிக் கேள்வியாகிறது. மீனாவின் விதி, அவளை அடித்தவனின் மனசாட்சிக்குள் போய் அடங்கிவிடுகிறது. படம் முழுக்கப் பிடிவாதமாக மௌனம் காத்தவள் என்ன செய்தாள் என்று தெரிந்துகொள்ளும் ஒரே வாய்ப்பும் நமக்கு மறுக்கப்படுகிறது. அவள் வண்டியை விட்டு இறங்கி ஓடியிருக்கலாம், உள்ளே போயிருக்கலாம், பேசியிருக்கலாம். எதைக் காட்டியிருந்தாலும் அது அவளுடைய செயலாக இருந்திருக்கும்.

சாமியாடியின் முன் அவளை நிறுத்தியிருந்தால் துன்பத்தைக் காட்சிப்பொருளாக்கிய குற்றமும், பாண்டியைத் திருப்பியிருந்தால் பொய்யான ஆறுதல் தந்த குற்றமும் வந்திருக்கும். ஆகவே நடுவில் நிறுத்தியதே நேர்மை என்கிறார்கள். இது எனக்குப் பயமாகத்தான் தெரிகிறது. எந்த முடிவை எடுத்தாலும் ஒரு தரப்பு கோபப்படும் என்றால், அந்தக் கோபத்தைத் தாங்குவதுதான் படைப்பாளியின் வேலை. நடுவில் நிறுத்திக்கொள்ளும் சலுகையை நிஜ வாழ்க்கை யாருக்கும் தரவில்லை. 2013இல், சாதி தாண்டி மணந்த தர்மபுரி இளவரசன் ரயில் தண்டவாளத்தருகே பிணமாகக் கிடந்தார். 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார்; உடன் வெட்டுப்பட்டுப் பிழைத்த அவர் மனைவி கௌசல்யா தன் பெற்றோருக்கு எதிராகவே நீதிமன்றம் ஏறினார். சாதி தாண்டிய காதலுக்குத் தமிழ்நாட்டில் என்ன நடக்கிறது என்பது மங்கலான விஷயம் இல்லை. அங்கே மங்கலைத் தேர்ந்தெடுப்பது நுட்பம் ஆகாது.

முடிவைச் சொல்லிவிட்டால் யோசனை நின்றுவிடும் என்ற எண்ணத்தைப் பொய்யாக்க இந்த மண்ணின் கூத்து ஒன்றே போதும். செஞ்சியை அடுத்த மேலச்சேரி, திரௌபதியம்மன் வழிபாட்டின் ஆதித்தலமாகக் கருதப்படும் ஊர். இந்த வட்டாரத்தின் பாரதத் திருவிழாக்களில் பதினெட்டாம் போரும் படுகளமும் எப்படி முடியும் என்று தெரியாமல் வந்து உட்காருபவர் யாருமில்லை. மண்ணில் படுத்த உருவமாகக் கிடக்கும் துரியோதனன் சாவான், திரௌபதி கூந்தல் முடிவாள். இருந்தும் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். சபதம் நிறைவேறிய அதே களத்தில் துரியோதனன் மனைவியின் ஒப்பாரி எழும். வெற்றியைக் காண வந்தவர்கள் அதற்கும் கண்கலங்குவார்கள். தன்னையே தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது என்று திரௌபதி சபையில் கேட்ட கேள்விக்குப் பீஷ்மரால் பதில் சொல்ல முடியவில்லை. கதை முழுசாக முடிந்த பிறகும் யாராலும் முடியவில்லை. நிகழ்ச்சிகள் அத்தனையும் தீர்ந்திருக்க, கேள்வி மட்டும் இத்தனை நூற்றாண்டாக உயிரோடு இருக்கிறது. செஞ்சிக் கோட்டையின் தேசிங்குராஜன் 1714இல் ஆற்காட்டுப் படையோடு மோதி மாண்ட கதையைப் பாடியவர்களும் அவன் சாவை மூடுபனியில் விடவில்லை. வாளை மேலே எறிந்து மார்பில் ஏந்திச் செத்தான் என்று துணிந்து சொன்னார்கள். அது வீரமா வீம்பா என்பதை நம்மிடம் விட்டார்கள்.

நம் சினிமாவிலும் இந்தப் பாதை உண்டு. மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979) படத்தில் ஊரே திரண்டு கொடுமைக்காரனான சுந்தரவடிவேலுவை ஆற்றில் இறங்கிச் சாகச் சொல்கிறது, அவன் இறங்குகிறான். சாவதற்கு முன், உங்களையும் என்னைப்போல ஆக்கிவிட்டேன் என்று ஊரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகிறான். கரையில் அவன் குழந்தைகள் நிற்கிறார்கள். நடந்ததில் ஒரு சந்தேகமும் இல்லை, ஆனால் அவன் சாக வேண்டும் என்று விரும்பிய நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் தவிக்கிறோம். ‘முள்ளும் மலரும்’ (1978) படத்தில் தங்கையைத் தான் வெறுக்கும் அதிகாரிக்கே மணமுடிக்கச் சம்மதிக்கும் காளி, உங்களை எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை என்று சேர்த்துச் சொல்கிறான். கல்யாணம் நிச்சயம், மனம் நிச்சயமில்லை. ‘கொட்டுக்காளி’ வந்த அதே நாளில் வந்த மாரி செல்வராஜின் ‘வாழை’, வாழைத்தார் ஏற்றிய லாரி கவிழ்ந்து தொழிலாளர்கள் செத்ததை மறைக்காமல் காட்டி, அந்தச் சாவுக்கு நடுவிலும் பசிக்கிற ஒரு சிறுவனை நம்மிடம் விட்டது. வினோத்ராஜ்கூட ‘கூழாங்கல்’ படத்தில் இதைச் செய்து காட்டியவர்தான். வெயிலில் நடந்து வீடு சேரும் சிறுவன், வாயில் அடக்கிவந்த கல்லை ஏற்கெனவே சேர்ந்திருக்கும் கற்களோடு போடும்போது, இந்த நடை எத்தனை முறை நடந்தது என்பது நமக்கு விளங்கிவிடுகிறது. 2021இல் ராட்டர்டாம் விழாவின் உயரிய பரிசை அந்தப் படம் வென்றது. அதற்கு மறைப்பு தேவைப்படவில்லை.

ஆகவே இதற்கான அளவுகோல் எளிமையானது. நிகழ்ந்தது என்ன என்பதைச் சொல்லும் பொறுப்பு கதை சொல்பவருடையது. அதன் பொருள் என்ன என்பதைப் பார்ப்பவரிடம் விடலாம், விட வேண்டும். முதலாவதை மறைத்துவிட்டு இரண்டாவதை நமக்குக் கொடுத்ததாகச் சொல்வது, வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கூலியை முழுதாகக் கேட்பது.

இளம் இயக்குநர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். பொய்யான சுபம் எங்களுக்கும் வேண்டாம். கசப்பாக முடியுங்கள், கோபம் வர முடியுங்கள், நாங்கள் ஏற்காத முடிவாகவே இருக்கட்டும். சண்டை போட வருகிறோம். ஆனால் முடியுங்கள். மீனாவை அத்தனை தூரம் அழைத்து வந்தவர்கள், அவளுக்கு என்ன ஆயிற்று என்று எங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.