கொழுந்துப் பெண்ணை வரைவது யார்?

தேயிலைப் பெட்டியின் மேலட்டையில் நிற்கும் பெண்ணை நாம் அனைவரும் அறிவோம். பின்னே நீலமலைகள், முன்னே பச்சைச் சரிவு, நடுவே சாயம் வெளுக்காத சேலையுடன் அவள். மூக்கிலே மூக்குத்தி, விரல்களுக்கிடையே ஒரு மொட்டும் இரு இலைகளும், இதழ்களிலே மாறாத புன்னகை. முதுகிலே தொங்கும் கூடைக்குப் பாரம் உண்டு என்பதற்கு அவளுடைய கழுத்தில் எந்த அடையாளமும் இல்லை.

இலக்கியப் பத்திரிகையில் பெட்டிப் படத்துக்கு என்ன இடம் என்று அன்பர்கள் சிலர் கேட்கலாம். நாவலையும் சிறுகதையையும் விமரிசிக்கும் நாம், அந்த நாவல்கள் அனைத்தையும் விடக் கூடுதலான மக்களின் கண்ணில் நாள்தோறும் படுகின்ற இந்தப் படத்தை ஏன் விமரிசிப்பதில்லை என்பதே எமது மறுகேள்வி. மலையக மக்களைப்பற்றி உலகம் அறிந்திருப்பதெல்லாம் பெரும்பாலும் இந்தப் படம் சொல்லிக் கொடுத்தது. ஆதலின் இதுவும் ஒரு பிரதியே. இதற்கும் ஆசிரியன் உண்டு, நோக்கம் உண்டு, வர்க்கமும் உண்டு.

இப்படத்தில் எது பொய்? தோட்டத்துப் பெண் சிரிப்பதில்லையா? சிரிக்கிறாள். நல்ல சேலை உடுத்துவதில்லையா? திருநாளன்று உடுத்துகிறாள். தனித்தனியே எடுத்துப் பார்த்தால் எதுவும் பொய்யன்று. ஆனால் மழையில் நனைந்த கம்பளி எங்கே? இடுப்பில் இறுகக் கட்டிய படங்கு எங்கே? காலில் ஊரும் அட்டை எங்கே? கொழுந்து மடுவத்தில் தராசு முள்ளின்மீது பதிந்து நிற்கும் அந்தப் பார்வை எங்கே? விடப்பட்டவற்றைக் கூட்டிப் பார்த்தால் கிடைப்பது உழைப்பு என்னும் ஒரே சொல். உழைப்பை நீக்கிவிட்டு உழைப்பவளை மட்டும் அழகு பொருளாக்கி விற்பதே இந்தக் கலையின் இரகசியம். அவள் யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று கேளுங்கள், விடை தெளிவாகும். வாங்குகிறவனைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் வர்த்தக நோக்கோடு தேயிலை பயிரிட்டார். 1890இல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே கோப்பைக்கு என்ற கருத்தைப் படமும் விளம்பரமுமாக மேல்நாட்டுக் கடைத்தெருவில் பரப்பினார். 1926 முதல் 1933 வரை இயங்கிய பிரித்தானியப் பேரரசுச் சந்தைப்படுத்தல் சபை, குடியேற்ற நாடுகளின் விளைபொருள்களைச் சுவரொட்டிகளில் தீட்டிக் காட்டியது. 1948இல் கொடி மாறியது. அதே ஆண்டில் குடியுரிமைச் சட்டம் வந்து இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் தனியார் கைக்குப் போயிற்று. எல்லாம் மாறின, பெட்டியின்மேல் நிற்பவளின் புன்னகை மட்டும் மாறவில்லை.

இனி வேறொரு படத்தைப்பற்றிச் சொல்ல வேண்டும். அது எங்கும் அச்சேறவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எமது வகுப்பில் இருந்த மாணவி ஒருத்தி, அப்பியாசக் கொப்பியின் பின்பக்கத்தில் வரைந்தது. அவளும் கொழுந்து பறிக்கும் பெண்ணையே வரைந்திருந்தாள், ஆனால் முதுகுப்புறத்திலிருந்து. முகமே இல்லை. தலையில் மாட்டிய கயிறு, அது இழுக்கும் இழுப்பில் முன்னே நீண்ட கழுத்து, பாரத்துக்கு ஏற்பச் சாய்ந்த ஒரு தோள், மேட்டில் ஊன்றிய குதிகால். ஏன் முகத்தை வரையவில்லை என்று கேட்டோம். “அம்மாவுக்குப் பின்னாலதானே சேர் நான் நடந்து போவேன்” என்றாள்.

விமரிசன நூல்கள் பலவற்றைப் படித்தும் எமக்குக் கிட்டாத தெளிவு அந்த ஒரு பதிலில் கிட்டியது. வாங்குகிறவன் முன்னால் நின்று பார்க்கிறான். பிள்ளை பின்னால் நடந்து பார்க்கிறது. கலையில் பார்வைக் கோணம் என்று நாம் பேசுவது இதனைத்தான்.

எழுத்துத்துறையில் மலையகம் இந்தக் கோணத்தை என்றோ வென்றெடுத்துவிட்டது. சி.வி. வேலுப்பிள்ளை எழுதினார், ‘ஒரு கூடைக் கொழுந்து’ தந்த என்.எஸ்.எம். ராமையா எழுதினார், தெளிவத்தை ஜோசப் எழுதினார். எம்மைப்பற்றிப் பிறர் எழுதிய காலம் போய் நாமே எழுதும் காலம் வந்தது. ஆனால் உருவத்தின் உலகில், அதாவது படம், பெட்டி, சுவரொட்டி, உடை, கருவி, வீடு ஆகியவற்றை வகுக்கும் வடிவமைப்பு என்னும் துறையில், எமது கை இன்னும் பதியவில்லை. ஏன் பதியவில்லை?

அம்மாணவியின் கதையே இதற்கு விடை. உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடங்களிலும் அவள் பெற்றது சாதாரணச் சித்தி. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க அது போதும்; நுழையப் போதாது. “படம் வரையிறதுக்கு, டிசைன் படிக்கிறதுக்கு ஏதும் கெம்பஸ் இருக்கா சேர்? எனக்கு இசட் புள்ளி குறைவு” என்று அவள் வந்து நின்றபோது, எம்மிடம் உடனடியாகச் சொல்ல விடை இருக்கவில்லை. வெட்கத்துடன் இதனை எழுதுகிறோம்.

இசட் புள்ளி என்பது யாது? ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்துப் பெறுவது. 2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு இதுவே அளவுகோல். இலகுவான பாடத்துக்கும் கடினமான பாடத்துக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை இது சமன் செய்கிறது. அந்த அளவில் நியாயமான கருவியே. ஆனால் பாடங்களைச் சமன் செய்யும் இக்கருவி பாடசாலைகளைச் சமன் செய்வதில்லை. சித்திரத்துக்கு ஆசிரியரே இல்லாத பாடசாலையில் படித்தவளும், சித்திர அறையும் நூலகமும் உள்ள பாடசாலையில் படித்தவளும் ஒரே வளைகோட்டின்மேல் வைக்கப்படுகிறார்கள்.

மாவட்ட ஒதுக்கீடு இதற்குப் பரிகாரமன்றோ எனலாம். பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட மக்கட்டொகை அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. நுவரெலியா பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று. ஆனால் ஒரே மாவட்டத்துக்குள் நகரப் பாடசாலையும் உண்டு, மலையுச்சித் தோட்டப் பாடசாலையும் உண்டு. மாவட்டம் என்பது நிலப்படக் கோடு. பின்தங்கல் என்பது அந்தக் கோட்டுக்குள்ளேயே ஓடும் வேறொரு கோடு. தோட்டத்துரைமாரின் தயவில் பிள்ளைகளுக்கு எண்ணும் எழுத்தும் மட்டும் சொல்லிக் கொடுத்த பாடசாலைகளை 1970களில்தான் அரசு முறையாகப் பொறுப்பேற்றது. நாட்டின் ஏனைய பிள்ளைகளுக்கு 1940களிலேயே கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்துவிட்டது. ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட இந்தத் தாமதத்தை எந்த நியம விலகலாலும் வகுத்துவிட முடியாது.

எனினும் குறைந்த புள்ளிக்காரருக்கு வழியே இல்லை என்று சொல்வது உண்மையன்று. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் வடிவமைப்பில் பட்டநெறி நடத்துகிறது. அங்கே புள்ளியோடு உளச்சார்புப் பரீட்சையும் உண்டு, படிப்பு ஆங்கிலத்தில். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரமும் வடிவமைப்பும் உண்டு. மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கட்புல, தொழில்நுட்பக் கலைகள் உண்டு. இவற்றுக்கும் உளச்சார்புப் பரீட்சை உண்டு. வரையும் கைக்குப் பேச இடந்தரும் பரீட்சை அது; ஆனால் அதற்கு வேறாக விண்ணப்பிக்க வேண்டும், அறிவித்தலைக் காலத்தோடு காண வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு வெளியே மற்றொரு படிக்கட்டும் உண்டு. தேசியத் தொழிற்றகைமை ஏழு படிகளைக் கொண்டது. ஏழாவது படி பட்டம். 2008ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டு, யுனிவொடெக் என்று வழங்கும் இரத்மலானைப் பல்கலைக்கழகம், தொடர்புடைய துறையில் ஐந்தாம் படியை எட்டியவர்களைப் பட்டநெறிக்கு விண்ணப்பிக்க விடுகிறது. உயர்தரத்தில் சறுக்கியவருக்கு இது நீண்ட வழி. ஆனால் மூடிய வழியன்று.

கொழும்பிலுள்ள தனியார் நிறுவனங்களோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் வடிவமைப்புப் பட்டங்களைக் கட்டணத்துக்கு வழங்குகின்றன. அங்கே பெரிதாகக் கேட்கப்படுவது புள்ளியன்று, பணம். ஆயிரம் ரூபாய் நாட்கூலிக்காக 2015 முதல் குரல் கொடுத்து, 2021இல்தான் அதனைக் கண்ட குடும்பங்களுக்கு அந்தக் கதவைப்பற்றிப் பேசுவதே கேலியாகும். குறைந்த புள்ளியும் நிறைந்த பணமும் உள்ளவருக்குத் ‘திறமை’ திறந்திருக்கிறது. குறைந்த புள்ளியும் வெறுங்கையும் உள்ளவருக்கு மட்டுமே அது பரீட்சையாகிறது.

தரத்தைத் தாழ்த்தச் சொல்கிறீர்களா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை; துணியை மரைக்காலால் அளக்காதீர்கள் என்றே சொல்கிறோம். 1958இல் இந்திய அரசின் அழைப்பில் வந்த அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் இருவரும் நாடு முழுவதும் சுற்றிப் பார்த்துவிட்டு, தாம் கண்டவற்றுள் மிகச் சிறந்த வடிவமைப்பு என்று போற்றியது எதனை? வீட்டுச் செம்பை. பெயரறியாத பல தலைமுறையினரின் கைகள் செதுக்கிய பொருள் அது. அவர்களுடைய அறிக்கையை ஒட்டி 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் எழுந்தது. அங்கே மாணவரைத் தேர்வது பள்ளிப் புள்ளியின் வரிசையாலன்று. அந்நிறுவனம் நடத்தும் நுழைவுத் தேர்வாலும் செய்முறைச் சோதனையாலும்.

எமது கொழுந்துக் கூடையும் அந்தச் செம்பின் உடன்பிறப்பே. பாரத்தைத் தலைக்கயிற்றில் மாட்டி முதுகுக்குத் தள்ளி, இரு கைகளையும் வேலைக்கு விடுவிக்கிறது. அதன் சிறப்பையும் அது கழுத்துக்குத் தரும் நோவையும் ஒருங்கே அறிந்தவர் யார்? 10 அடிக்கு 12 அடி என்ற அளவில் லயக் காம்பராவை வகுத்ததும் ஒரு வடிவமைப்பே. அதில் ஓர் இரவேனும் உறங்காதவன் செய்த வடிவமைப்பு. பயன்படுத்துகிறவரின் உடலறிவு இல்லாத இடத்தில் வடிவமைப்பு என்னவாகும் என்பதற்கு இதனினும் பெரிய பாடநூல் வேண்டாம். காமன் கூத்துக்கு ஒப்பனை செய்து, திருவிழாவுக்குச் சப்பரம் சோடித்து, கிடைத்த தாளிலும் மூங்கிலிலும் கோபுரம் எழுப்பும் எமது இளைஞர்களிடம் கையறிவுக்குக் குறைவில்லை.

ஆங்கில நாட்டின் வில்லியம் மொரிஸ், சுவர்த்தாளுக்கும் துணிக்கும் கோலம் வகுத்தவர், 1883இல் சோசலிச இயக்கத்தில் சேர்ந்தார். அழகு சிலருக்கு உடைமையாயிருக்கும்வரை அழகே நோயுற்றிருக்கும் என்பதை அவர் தம் தொழிலின் வழியே கண்டார். ரஷ்யப் புரட்சியின்பின், 1919 முதல், பரீட்சைக் கல்வி கிட்டாத தொழிலாளரைப் பல்கலைக்கழகத்துக்கு ஆயத்தப்படுத்தும் தொழிலாளர் பீடங்கள் தோன்றின. வாசலைத் தாழ்த்தாமல் படிக்கட்டைக் கட்டினார்கள். கற்க வேண்டிய பாடம் அதுவே.

ஆனால் பிறரைச் சாடுமுன் எம்மை நாமே விமரிசித்துக் கொள்ள வேண்டும். கணிதம் வராத பிள்ளையைச் சித்திரத்துக்கு அனுப்பும் வழக்கம் எமது ஆசிரியர் அறைகளில் உண்டு. கொப்பியின் பின்பக்கத்தில் வரைந்தவனைப் பிரம்பால் அடித்த கைகளும் எம்முடையவையே. முற்போக்கு இலக்கியம் பேசும் நாம் கூடக் கட்புலக் கலையை இலக்கியத்தின் ஏழை உறவாகவே நடத்தினோம். எமது மாணவிக்கு வழி இருந்தது. சொல்லத்தான் எமக்குத் தெரியவில்லை. நாம் தேடியறிந்து வந்தபோது உளச்சார்புப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் திகதி கடந்திருந்தது. இன்னொரு தடவை தோற்ற வீட்டு நிலைமை இடங்கொடுக்கவில்லை. இன்று அவள் கொழும்பில் ஒரு புடவைக்கடையில் நிற்கிறாள். கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைகளுக்கு எந்த நிறத்தோடு எந்த நிறம் சேரும் என்று பார்த்து உடுத்திவிடுவதும் அவளுடைய வேலை. வடிவமைப்பாளரின் வேலையைக் கடைச் சிப்பந்தியின் சம்பளத்துக்கு அவள் செய்கிறாள். அவளுக்குத் திறமை இல்லை என்று எந்தப் பரீட்சை சொன்னது?

ஆதலின் செய்யவேண்டியவை சில. அட்டனிலோ நுவரெலியாவிலோ தமிழ் மூலம் ஓராண்டு ஆயத்த வகுப்பொன்று வேண்டும். வரைதலும் ஆங்கிலமும் அதில் சேர்ந்திருக்க வேண்டும். உளச்சார்புப் பரீட்சைக்கான அறிவித்தல் தோட்டப் பாடசாலை ஒவ்வொன்றின் சுவரிலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும். ஒதுக்கீட்டின் அலகு மாவட்டத்தோடு நில்லாமல் பாடசாலை வரை இறங்க வேண்டும். இவை அரசிடமும் தொழிற்சங்கங்களிடமும் கேட்க வேண்டியவை. முதலிரண்டையும் ஆசிரியர்களாகிய நாம் எவரையும் கேளாமல் நாளையே தொடங்கலாம். மாலை வேளையில் ஒரு வகுப்பறையும் சில கட்டுக் காகிதமும் போதும்.

மலையகத்தின் எழுத்தாளன் பிறந்தபோது மலையகத்தைப்பற்றிய கதை மாறியது. மலையகத்தின் வடிவமைப்பாளர் பிறக்கும்போது பெட்டியின் மேலுள்ள படம் மாறும். கூடையின் கயிறு மாறும். காம்பராவின் சுவரும் மாறும். அந்தப் பிள்ளை இன்று எமது வகுப்புகளில் ஏதோவொன்றின் கடைசி வாங்கில் அமர்ந்து, கொப்பியின் பின்பக்கத்தில் தன் தாயின் முதுகை வரைந்து கொண்டிருக்கிறது. அந்தக் கொப்பியைத் திருப்பிப் பார்ப்பதே எமது முதற் கடமை.