மயிரிழை இடைவெளி

கோவை கணபதியில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு அந்தப் பையன் வந்தது காலை ஒன்பதரை மணிக்கு. கவரைப் பிரித்த கையோடு மாட்டிக்கொண்ட புதுச் சட்டை. அட்டை வைத்து மடித்த கோடு முதுகில் அப்படியே இருந்தது. நெற்றியில் விபூதி பாதிதான் மிச்சம். வீட்டில் பூசி அனுப்பியிருப்பார்கள், பஸ்ஸில் வரும்போது என்ன நினைத்தானோ, துடைத்திருக்கிறான். முழுக்கத் துடைக்கவும் மனசு வரவில்லை போலும். "இதுதான் முதல் இன்டர்வியூங்க சார்" என்று நாங்கள் கேட்காமலே சொன்னான். ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷ டர்னர் படிப்பு.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க தம்பி" என்றார் முதலாளி. மனப்பாடம் செய்துவந்த இங்கிலீஷ் மூன்றாவது வரியில் நின்றுபோனது. காதுமடல் சிவந்துவிட்டது. முதலாளி அதை வளர்க்கவில்லை. லேத்திலிருந்து அப்போதுதான் இறங்கிய ஷாஃப்ட் ஒன்றை மேசைமேல் வைத்து, வெர்னியர் பெட்டியையும் அவன் பக்கம் நகர்த்தினார். "இதோட டயா என்னன்னு பாருங்க."

இருபத்திரண்டு வருஷமாக இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் இருக்கிறேன். இந்தப் பெட்டியை யார் எப்படித் திறக்கிறார்கள் என்று பார்ப்பதில் எனக்கு அலுப்பே வருவதில்லை. இவன் பெட்டியைத் தொடவில்லை. முதலில் கைக்குட்டையை எடுத்து உள்ளங்கையைத் துடைத்தான். சில பேர் கைவியர்வை பட்டால் போதும், பளபளவென்று சீவிய இரும்பில் மறுநாள் விரல்ரேகை துருவாகத் தெரியும். பிறகு ஷாஃப்டின் எண்ணெயை அதே கைக்குட்டையால் வழித்தான். வெள்ளைக் கைக்குட்டை. அன்றைக்கென்று வாங்கியதாகத்தான் இருக்கும். கறையைப் பற்றி அவன் கவலைப்பட்ட மாதிரியே தெரியவில்லை. பிசிறு நிற்கிறதா என்று ஓரத்தை நகத்தால் தடவிப் பார்த்தான்.

"சூடா இருக்குங்க சார். இப்பவே பார்க்கட்டுங்களா, ஆறட்டுங்களா?"

அந்தக் கேள்வியில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இரும்பு சூட்டில் பருக்கும். அளவெடுப்பதற்கென்று உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட சூடு 20 டிகிரி செல்சியஸ். 25 மில்லி தண்டு அதற்கு மேல் 40 டிகிரி ஏறினாலும் பருமன் கூடுவது 0.01 மில்லியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். மேசையில் இருந்த வெர்னியருக்கு அது தட்டுப்படாது. ஆனாலும் கேட்கத் தோன்றியதே!

"இப்பவே பாருங்க" என்றார் முதலாளி.

பெட்டியைத் திறந்தான். இரண்டு தாடைகளையும் துடைத்து, மூடி, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தான். தாடைகளுக்கு நடுவே வெளிச்சம் கசிகிறதா என்று ஒரு பார்வை. பூஜ்யமும் பூஜ்யமும் நேராக நிற்கின்றனவா என்று இன்னொரு பார்வை. அளக்கும் கருவியையே முதலில் சோதிக்கிற இந்தப் பழக்கம் பரீட்சைக்குப் படித்து வருவதில்லை. யாரோ ஒரு வாத்தியார் பக்கத்தில் நின்று, திரும்பத் திரும்பச் சொல்லி ஊட்டியது. அவருக்கு என் வணக்கம்.

வெர்னியரே ஒரு அழகான யோசனை. பியர் வெர்னியே என்ற பிரெஞ்சுக்காரர் 1631-ல் புத்தகமாக எழுதி வெளியிட்டது. எங்களிடம் இருக்கும் வகையில் 49 மில்லி நீளத்தை 50 பங்காகப் பிரித்திருப்பார்கள். ஒரு பங்கு 0.98 மில்லி, மேலே இருக்கும் ஒரு மில்லிக் கோட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் 0.02. ஐம்பது கோடுகளில் எது மேல்கோட்டோடு ஒட்டி நிற்கிறதென்று கண்டுபிடித்தால் அளவு கிடைத்துவிடும். ஆனால் கண் நேராக இருக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தால் பக்கத்துக் கோடு ஒட்டியதுபோல் ஏமாற்றும்.

அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டுக் குனிந்தான். கட்டைவிரலால் மெல்ல நகர்த்தித் தாடையைத் தண்டில் படியவைத்தான், இறுக்கவில்லை. தண்டை விட்டு வெர்னியரை உருவாமல், வைத்த இடத்திலேயே படித்தான். பிறகு கால் சுற்றுத் திருப்பி அதே இடத்தில் இன்னொரு முறை. நடுவில், அடுத்த முனையில் என்று மூன்று இடம். ஒவ்வொன்றையும் சட்டைப் பையிலிருந்த பஸ் டிக்கெட்டின் பின்னால் குறித்துக்கொண்டான். இங்கிலீஷில் திக்கியவனா இவன் என்றிருந்தது, மூச்சுகூட நிதானமாகிவிட்டிருந்தது.

"இந்தப் பக்கம் இருபத்து நாலு பாயிண்ட் எட்டு ஆறுங்க. நடுவுல எட்டு எட்டு. அந்தப் பக்கம் ஒம்பது. டேப்பர் இருக்குதுங்க சார்." கொஞ்சம் தயங்கி, "டெயில் ஸ்டாக் விலகியிருக்குமுங்களா?" என்றான்.

லேத்தில் தண்டின் மறுமுனையைத் தாங்கும் அந்தப் பகுதி விலகித்தான் இருந்தது. லேத்திலிருந்து இறங்கியதுமே நானே அளந்து ஒதுக்கிவைத்த ஷாஃப்ட் அது. முதலாளி என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். "திங்கக்கிழமை வந்துருங்க தம்பி. டீ குடிச்சுட்டுப் போங்க" என்றார். சம்பளம், ஷிப்ட் எல்லாம் டீ குடிக்கும்போதே பேசி முடிந்தது.

அவன் போன பிறகு வெர்னியர் பெட்டியைத் திறந்தேன். வேலை கிடைத்த சந்தோஷத்தில் முக்கால்வாசிப் பேர் தாடைகளை அழுத்தி மூடி உள்ளே போட்டுவிடுவார்கள். மூடியே கிடந்தால் இடுக்கில் ஈரம் தங்கித் துருப்பிடிக்கும். அதனால் துளி திறந்து வைப்பதுதான் முறை.

துடைத்து, பள்ளத்தில் நேராகப் படுக்கவைத்திருந்தான். தாடைகளுக்கு நடுவே ஒரு தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது.