ஒரு சட்டி சோப்பா தே ரெஸ்

எலும்பு சூப் என்றாலே மிளகும் சீரகமும் தட்டிப்போட்டு, சுடச்சுட டம்ளரில் ஊற்றிக் குடிப்பதுதான் நமக்குப் பழக்கம். எல் சால்வடோர்க்காரர்களின் 'சோப்பா தே ரெஸ்' முழுச் சாப்பாடு! கிண்ணத்துக்குள் மக்காச்சோளக் கதிர்த் துண்டு, பெரிதாக அரிந்த முட்டைக்கோஸ், கேரட், மரவள்ளிக்கிழங்கு, சௌசௌ, வாழைக்காய், நடுவில் எலும்போடு மாட்டுக்கறி. டோர்ட்முண்டில் எங்கள் பக்கத்து வீட்டு சால்வடோர் அம்மா வைத்துக் கொடுத்ததை ருசி பார்த்ததிலிருந்து, குளிர்கால ஞாயிறுகளில் எங்கள் வீட்டில் வேறு சூப்புக்கு இடமே இல்லை.

ஜெர்மனியில் இதற்காக எங்கும் அலைய வேண்டாம். கறிக்கடையில் 'பைன்ஷைபெ' என்று கேளுங்கள். மாட்டின் கால்கறியை நல்லி எலும்போடு குறுக்கே வெட்டித் தருவார்கள். ஜெர்மானியர்களும் தங்கள் சூப்பை இதில்தான் வைக்கிறார்கள். மற்றதற்குத் தமிழ்க் கடை இருக்கவே இருக்கிறது. 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் இந்த ரூர் வட்டாரத்தில் நிறையப் பேர் குடியேறினார்கள். அவர்கள் கடையில் மரவள்ளி, சௌசௌ, வாழைக்காய் எல்லாம் ஒரே இடத்தில் அள்ளலாம். சௌசௌவும் மரவள்ளியும் மக்காச்சோளமும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள்தானே! கொடைக்கானல் மலைச்சரிவில் காய்க்கும் சௌசௌவும் சேலத்து ஜவ்வரிசிக்குப் போகும் மரவள்ளியும் அங்கிருந்து வந்த வம்சம். சால்வடோர் சூப்புக்கான காய்களை யாழ்ப்பாணத்து அண்ணன் எடை போட்டுத் தருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம் தாங்காது. ஞாயிறன்று கடை திறக்காது, சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

குக்கரைத் தொடாதீர்கள். ஒரு கிலோ கறிக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர். கொதி வரும்போது பொங்கும் நுரையைக் கரண்டியால் எடுத்துவிட்டு, வெங்காயம், தக்காளி, பூண்டு, உப்பு சேர்த்துத் தீயைக் குறைத்துவிட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அது பாட்டுக்குத் தளதளத்துக்கொண்டிருக்கட்டும். கால்கறியில் சவ்வு அதிகம். மெல்ல மெல்ல வேகும்போது அது கரைந்து சாற்றில் இறங்கி, குடிக்கும்போது உதட்டில் லேசாக ஒட்டும். அந்தப் பதம் வந்துவிட்டால் மனசு துள்ளும்!

பிறகு மரவள்ளியும் சோளமும், கொஞ்சம் கழித்துக் கேரட், வாழைக்காய், சௌசௌ, கடைசியில் முட்டைக்கோஸ். காய்களைப் பெரிய துண்டுகளாகவே போடுங்கள். வாழைக்காய் அரைப்பழமாக இருந்தால் சாற்றில் மெல்லிய தித்திப்பு ஏறும். எனக்கு அதுதான் பிடிக்கும். அடுப்பை அணைக்கும் முன் கொத்தமல்லியும் புதினாவும் ஒரு கைப்பிடி. மூடியைத் திறந்தால் வாசனை மாடிப்படி வரை போகும்.

பரிமாறும்போது எலுமிச்சையைத் தாராளமாகப் பிழிந்துகொள்ள வேண்டும். சால்வடோரில் சோறும் சோள டார்ட்டியாவும் தொட்டுக்கொள்வார்கள். சோறு போதும் என்பது என் கட்சி. நல்லியைத் தட்டி, உள்ளே இருப்பதைச் சூடான சோற்றின்மேல் விட்டு, உப்புத் தூவி ஒரு வாய் வைத்துப் பாருங்கள். அடடா!

சட்டியைப் பெரிதாகவே வையுங்கள். மிச்சம் இருந்தால் ராத்திரி ஃபிரிட்ஜில் கூழ்மாதிரி உறைந்துவிடும். மறுநாள் ஒரு பச்சை மிளகாயைக் கீறிப் போட்டுச் சூடாக்கினால், முதல் நாளைவிட அபாரம்!