மாயாவி வாசித்த ஆர்கன்

2007 நவம்பர் 19 அன்று பாஸ்டனில் ‘மேஜிக்’ சுற்றுப்பயணத்தின் முதல் கட்டம் முடிந்தது. இரண்டு நாள் கழித்து அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தரப்பிலிருந்து ஒரு சிறு அறிவிப்பு வந்தது. அவருடைய ஈ ஸ்ட்ரீட் பேண்டின் ஆர்கன் கலைஞர் டேனி ஃபெடரிசி, மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொள்வதால் பயணத்தில் கலந்துகொள்ள மாட்டார். ஐரோப்பிய நிகழ்ச்சிகளில் அவர் இடத்தில் சார்லஸ் ஜியோர்டானோ வாசிப்பார். எங்கள் ஒலியைத் தாங்கும் தூண்களில் டேனி ஒருவர், அவர் நலம்பெற்றுத் திரும்புவதற்காகக் காத்திருக்கிறோம் என்று ஸ்பிரிங்ஸ்டீன் அதில் சொல்லியிருந்தார்.

ஸ்பிரிங்ஸ்டீன் ரசிகர்களைத் தெரிந்தவர்களுக்கு அந்தச் சில வரிகள் எவ்வளவு கலக்கத்தை உண்டாக்கியிருக்கும் என்று புரியும். எந்த ஊரில் எந்தப் பாட்டு எந்த வரிசையில் வந்தது, எந்தப் பாட்டின் நடுவே யார் தனியாக வாசித்தார் என்றெல்லாம் 1970களிலிருந்தே குறித்துவைத்த கூட்டம் அது. கச்சேரி ஒலிநாடாக்களைக் கைமாற்றிக் கைமாற்றிக் கேட்டவர்கள். முன்மேடைக்கு ஓடிவராத, போஸ்டரில் பெரிதாகத் தெரியாத ஒருவரை அவர்கள் காதாலேயே அடையாளம் கண்டுவைத்திருந்தார்கள். அதனால்தான் டேனிக்கு என்ன ஆகுமோ என்ற அவர்களுடைய பதைப்பு, ஒரு நட்சத்திரத்தின் உடல்நிலை பற்றிய செய்திப் பசியாக இருக்கவில்லை. கவனத்தைக் கேட்காத ஒருவரைப் பல்லாண்டுகள் கவனித்துக் கேட்டவர்களின் பதைப்பு அது.

டேனி வாசித்த ஹாம்மண்ட் பி-3 ஆர்கன் ஒரு விநோதமான கருவி. லாரன்ஸ் ஹாம்மண்ட் 1930களில் இந்த வகை ஆர்கனை உருவாக்கியபோது, பெரிய குழாய் ஆர்கன் வாங்க முடியாத தேவாலயங்கள்தான் அதை ஆவலோடு வாங்கின. உள்ளே 91 உலோகச் சக்கரங்கள் ஓயாமல் சுழன்றுகொண்டிருக்கும். விரல் பட்டதும் அந்தந்தச் சக்கரத்தின் மின்னொலி வெளியே வரும். ஸ்வரத்தின் நிறத்தை மாற்ற ஒன்பது இழுப்புக் கம்பிகள் கொண்ட வரிசைகள் உண்டு. எடையோ 180 கிலோவுக்கு மேல். இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. பியானோவில் அழுத்தி அடித்தால் ஓங்கி ஒலிக்கும், மெல்லத் தொட்டால் மெல்ல ஒலிக்கும். ஹாம்மண்டில் அப்படி இல்லை. விரல் எப்படிப் பட்டாலும் ஒரே அளவுதான். ஒலியைக் கூட்டுவதும் குறைப்பதும் வலது காலின் வேலை. பியானோவின் ஸ்வரம் அடித்த கணமே தேயத் தொடங்கும். ஆர்கன் ஸ்வரமோ விரலை எடுக்கும்வரை அப்படியே நிற்கும். ஆகவே நல்ல ஆர்கன் கலைஞருக்கு எப்போது எடுக்க வேண்டும் என்பது, எப்போது தொட வேண்டும் என்பதைவிடப் பெரிய கேள்வி.

இதோடு லெஸ்லி ஸ்பீக்கர் சேர்ந்துகொள்கிறது. மரப்பெட்டிக்குள் ஒலியைச் சுழற்றிச் சுழற்றி வெளியே விடும் அமைப்பு அது. ஓடும் மேசை விசிறிக்கு எதிரே வாயை வைத்து ‘ஆ’ என்று கத்திப் பார்க்காத குழந்தை உண்டா? அந்த நடுக்கம்தான் லெஸ்லியின் நடுக்கமும். அதற்கு இரண்டு வேகங்கள். மெதுவான வேகத்திலிருந்து வேகமானதற்கு மாற்றும்போது பெட்டி உடனே மாறிவிடாது. கொஞ்சம் கொஞ்சமாகத் துரிதமாகும். அந்த இடைப்பட்ட நொடிகளில் ஒலி எழும்பி வருகிற அழகுக்காகவே பல ஆர்கன் கலைஞர்கள் வாழ்கிறார்கள். டேனி அந்த நொடிகளை வீணாக்கியதே இல்லை.

அவருக்கு இந்த நுணுக்கம் எங்கிருந்து வந்தது? அக்கார்டியனிலிருந்துதான் என்று உறுதியாகச் சொல்லலாம். 1950இல் நியூஜெர்சி மாநிலத்தின் ஃபிளெமிங்டனில் பிறந்த டேனி, ஏழு வயதிலேயே அக்கார்டியன் கற்கத் தொடங்கினார். பழைய தமிழ்த் திரைப்பாடல்களில் நம் காதுக்கு நன்றாகப் பழகிய அதே துருத்திக் கருவி. அக்கார்டியனில் காற்றுதான் உயிர். இடது கை துருத்தியை விரித்தும் ஒடுக்கியும் ஸ்வரத்துக்கு மூச்சு கொடுக்க வேண்டும். அந்த மூச்சைச் சிறு வயதிலேயே உடம்பில் ஏற்றிக்கொண்டவர், பின்னாளில் மூச்சே தேவைப்படாத மின்கருவியின் முன் உட்கார்ந்தும் மூச்சு விட்டே வாசித்தார். அவருடைய நீண்ட ஆர்கன் ஒலிகளைக் கூர்ந்து கேட்டால், கால் மிதியில் அந்தத் துருத்தியின் ஏற்ற இறக்கம் தெரியும்.

1960களின் இறுதியில் ஆஸ்பரி பார்க் என்ற கடற்கரை ஊரில், விடிய விடிய இளைஞர்கள் கூடி வாசித்த அப்ஸ்டேஜ் என்ற கிளப்பைச் சுற்றி இந்தக் கதை தொடங்குகிறது. டேனியும் ட்ரம்ஸ் வாசித்த வினி லோப்பஸும் ஸ்பிரிங்ஸ்டீனோடு சேர்ந்து 1969இல் ‘சைல்ட்’ என்ற குழுவைக் கட்டினார்கள். அதுவே ‘ஸ்டீல் மில்’ ஆனது. 1970இல் அந்தக் குழுவின் நிகழ்ச்சி ஒன்றில் போலீஸ் புகுந்து ரகளையானபோது, டேனி பிடிபடாமல் மாயமாக மறைந்துவிட்டார். அன்று ஒட்டிக்கொண்ட ‘ஃபாண்டம்’ என்ற மாயாவிப் பட்டம் கடைசிவரை போகவில்லை. மேடையில் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தும்போதெல்லாம் ஸ்பிரிங்ஸ்டீன் அதைச் சேர்த்தே அழைத்தார்.

1973இல் வந்த இரண்டாவது ஆல்பத்தில் ‘4த் ஆஃப் ஜூலை, ஆஸ்பரி பார்க் (சாண்டி)’ என்ற பாட்டு இருக்கிறது. கடற்கரை மரநடைபாதை, அமெரிக்கச் சுதந்திர தின வாணவேடிக்கை, அங்கே உண்மையிலேயே குறி சொல்லிக்கொண்டிருந்த மேடம் மேரி, ஊரை விட்டுப் போகத் துடிக்கும் ஒரு இளைஞன். இத்தனையையும் ஒரு அக்கார்டியன் தோளில் தூக்கிக்கொண்டு போகிறது. கிதார் மட்டும் இருந்திருந்தால் அது ஒரு நல்ல காதல் பாட்டு. டேனியின் அக்கார்டியன் அதற்கு ஒரு ஊரையே கொடுத்துவிட்டது. கடற்கரைப் பொழுதுபோக்குப் பூங்காவின் பழைய ஒலிகளெல்லாம் அதற்குள் மெலிதாகக் கேட்கும்.

‘பார்ன் டு ரன்’ பாட்டில் நடந்தது வேறு. அந்த ஒரே பாட்டைப் பதிவுசெய்ய 1974இல் ஏறக்குறைய ஆறு மாதம் பிடித்தது. கிதார் மேல் கிதாராக அடுக்கிய அந்த ஒலிச்சுவருக்குள் டேனியின் ஆர்கனும் உண்டு, மணிகள் உதிர்வதுபோன்ற அவருடைய குளாக்கன்ஸ்பீலும் உண்டு. அத்தனை இரைச்சலுக்கு மேலும் அந்தச் சின்ன உலோகப் பட்டைகள் கேட்கின்றன. பாட்டின் வேகத்தைப் பேசும் பலர் இந்தப் பளிச்சிடலை மறந்துவிடுகிறார்கள். அதை மனத்தால் நீக்கிவிட்டு ஒருமுறை கேட்டால் போதும், பாட்டு கனத்து இறுகிவிடும்.

1974இல் ராய் பிட்டன் பியானோவுக்கு வந்தபிறகுதான் டேனியின் கலை முழுதாக வெளிப்பட்டது. ஒரே மேடையில் பியானோவும் ஆர்கனும் தனித்தனி ஆட்களிடம் இருப்பது கறுப்பின மக்களின் தேவாலய இசையிலிருந்து ராக்குக்கு வந்த வழக்கம். பாப் டிலனின் 1965 பதிவுகளில் அது இருந்தது. ‘தி பேண்ட்’ குழுவில் ரிச்சர்ட் மானுவலும் கார்த் ஹட்சனும் அதை உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். பிட்டனின் பியானோ பளிங்கு போலத் துல்லியம். ஒவ்வொரு அலங்காரமும் முன்கூட்டியே எண்ணிவைத்தது போலிருக்கும். டேனிக்கு அந்தத் துல்லியம் கிடையாது, தேவையும் இல்லை. பிட்டன் வரைந்த கோடுகளுக்கு நடுவே எங்கே வெற்றிடம் இருக்கிறது என்று அவர் தேடுவார். 1978இன் ‘ரேசிங் இன் த ஸ்ட்ரீட்’ பாட்டில் சொற்கள் முடிந்தபின் வரும் நீண்ட இசைப்பகுதியைக் கேளுங்கள். பியானோ திரும்பத் திரும்பச் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆர்கன் கீழே தயங்கி நுழைகிறது, பரவுகிறது, கடைசியில் பியானோவையே சுமக்கத் தொடங்கிவிடுகிறது. எந்த இடத்தில் இந்த மாற்றம் நடந்தது என்று கைகாட்டிச் சொல்வது கடினம். தோற்றுப்போன இருவர் காரில் கடலை நோக்கிப் போகிற அந்தப் பாட்டுக்கு, சொற்களால் கொடுக்க முடியாத மன்னிப்பை அந்த ஆர்கன் கொடுக்கிறது.

1980இன் ‘ஹங்ரி ஹார்ட்’ இதற்கு நேர்மாறு. ஸ்பிரிங்ஸ்டீனுக்கு முதல்முறையாக அமெரிக்கத் தரவரிசையின் முதல் பத்துக்குள் இடம்பிடித்துத் தந்த பாட்டு. நடுவில் டேனியின் ஆர்கன் தனிவாசிப்பு வருகிறது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஒரு குழந்தைகூட வாயால் பாடிவிடலாம். அப்படிப் பாட முடிவதுதான் அதன் வெற்றி. பல்லாயிரம் பேர் அரங்குகளில் அந்த ஸ்வரங்களைச் சேர்ந்து முனகினார்கள். குடும்பத்தை விட்டு ஓடிப்போனவனின் கதையைச் சொல்லும் பாட்டில் இத்தனை குதூகலம் எப்படி வந்தது என்று வியப்பவர்கள் அந்த ஆர்கனைத்தான் கேட்க வேண்டும்.

பாட்டுகளை அவர் தாள் பார்த்து வாசித்தவர் அல்ல. மேடைக்கு வெளியே ‘பார்ன் டு ரன்’ பாட்டின் கார்டு என்னும் ஸ்வரக்கூட்டுகளின் வரிசையையோ சொற்களையோ கேட்டால் டேனிக்குச் சொல்லத் தெரியாது என்று ஸ்பிரிங்ஸ்டீன் பின்னர் அவருடைய இரங்கல் உரையில் நினைவுகூர்ந்தார். மேடை ஏறியதும் காது திறந்துகொள்ளும். கேட்பார், உணர்வார், சரியான இடைவெளியைக் கண்டுபிடித்து அங்கே ஒரு கார்டை வைப்பார். 1975 நவம்பரில் லண்டன் ஹாமர்ஸ்மித் ஓடியன் அரங்கில் எடுத்த படம் இதற்குச் சாட்சி. அதில் ‘கிட்டீஸ் பேக்’ நீண்டு விரியும்போது டேனியைப் பார்க்கலாம். இன்னொரு சான்று ‘பேக்ஸ்ட்ரீட்ஸ்’. ஆல்பத்தில் அந்தப் பாட்டின் பியானோ, ஆர்கன் இரண்டையும் வாசித்தவர் பிட்டன். மேடையில் அந்த ஆர்கன் முழுக்க டேனியுடையதாகி, பிறகு ஆல்பத்தைக் கேட்கும்போதே அவரைத் தேடும்படி ஆகிவிட்டது.

இப்படிப்பட்ட ஒருவருக்குப் பதிலாக உட்காருவது எவ்வளவு சங்கடம்! ஜியோர்டானோ 2006இல் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘சீகர் செஷன்ஸ்’ குழுவில் ஆர்கனும் அக்கார்டியனும் வாசித்தவர், தேர்ந்த கலைஞர். 2007 நவம்பர் 25 அன்று மாட்ரிட்டில் தொடங்கி அவர் ஒரு கடமையைப் போல அந்த இடத்தைக் காத்தார். டேனியின் ஸ்வரங்களை மாற்ற முயலவில்லை, தன் பெயரை முன்னால் தள்ளவும் இல்லை. இந்தப் பணிவுக்காகவே ரசிகர்கள் அவரை ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்கத் தோன்றுகிறது. ஆனால் ஸ்வரம் சரியாக இருந்தபோதிலும் ஒன்று வேறுபட்டது. டேனி சிறிதே பிந்தி நுழைவார். அந்தப் பிந்தலை எழுதிவைத்து இன்னொருவரிடம் ஒப்படைக்க முடியாது.

2008 மார்ச் 20 அன்று இண்டியானாபொலிஸில் டேனி திரும்பி வந்தார். முழு நிகழ்ச்சிக்கும் அல்ல, சில பாட்டுகளுக்கு மட்டும். என்ன வாசிக்க விரும்புகிறாய் என்று ஸ்பிரிங்ஸ்டீன் கேட்டதற்கு, ‘சாண்டி’ என்றாராம். அக்கார்டியனைத் தோளில் மாட்டிக்கொண்டார். 35 ஆண்டுகளுக்கு முன் தங்கள் இளமை ஊருக்காக இருவரும் பதிவுசெய்த அதே பாட்டு. இண்டியானாபொலிஸ் பதிவில் அவருடைய வாசிப்பில் நோயின் தளர்ச்சியைத் தேடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். துருத்தி நிதானமாக விரிகிறது, ஸ்வரங்கள் உரிய இடத்தில் விழுகின்றன.

நான்கு வாரங்களில், ஏப்ரல் 17 அன்று, நியூயார்க்கின் ஸ்லோன்-கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில் டேனி இறந்தார். வயது 58. ஃபுளோரிடாவில் நடக்கவிருந்த நிகழ்ச்சிகள் தள்ளிவைக்கப்பட்டன. ஏப்ரல் 22 அன்று டாம்பாவில் குழு மீண்டும் மேடை ஏறியபோது, முதலில் டேனியின் படங்கள் திரையில் ஓடின. அடுத்து அவர்கள் எடுத்த பாட்டு ‘பேக்ஸ்ட்ரீட்ஸ்’. அதே ஆண்டு செப்டம்பரில் பிங்க் ஃபிளாய்டின் ரிக் ரைட்டும் மறைந்தார். தாங்கள் முன்னே வராமல் குழுவின் ஒலிக்கு நிறம் கொடுத்த இரண்டு பெரிய கீபோர்டு கலைஞர்களை ராக் உலகம் ஒரே ஆண்டில் இழந்தது.

இண்டியானாபொலிஸ் ‘சாண்டி’ 2008 ஜூலையில் ‘மேஜிக் டூர் ஹைலைட்ஸ்’ என்ற சிறு தொகுப்பில் வெளியானது. அதன் வருமானம் டேனியின் பெயரில் அமைந்த மெலனோமா நிதிக்குப் போனது. அடுத்த ஆண்டு வந்த ‘வொர்க்கிங் ஆன் எ ட்ரீம்’ ஆல்பத்தில், சர்க்கஸில் கூட்டாளியை இழந்தவன் பாடும் ‘தி லாஸ்ட் கார்னிவல்’ இடம்பெற்றது. 1973இன் அதே ஆல்பத்தில் இருந்த ‘வைல்ட் பில்லீஸ் சர்க்கஸ் ஸ்டோரி’க்குத் தொடர்ச்சி அது. பழைய பாட்டில் அக்கார்டியன் வாசித்தவர் டேனி. புதியதில் வாசித்தவர் அவர் மகன் ஜேசன். 2012 சுற்றுப்பயணத்தில் ‘மை சிட்டி ஆஃப் ருயின்ஸ்’ பாட்டின் நடுவே குழுவினரை அறிமுகம் செய்துமுடித்ததும், யாராவது இங்கே இல்லையா என்று ஸ்பிரிங்ஸ்டீன் கூட்டத்தைக் கேட்பார். 2011இல் இறந்த சாக்ஸபோன் கலைஞர் கிளாரன்ஸ் கிளெமன்ஸுக்கும் டேனிக்குமான கேள்வி அது. பதிலாக அரங்கமே முழங்கும்.

ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம், ஸ்பிரிங்ஸ்டீனை 1999இல் தனியாகச் சேர்த்துக்கொண்டது. குழுவையும் உடன் சேர்க்க வேண்டும் என்று கிதார் கலைஞர் ஸ்டீவ் வான் சாண்ட் அப்போதே அவரிடம் மன்றாடியிருந்தார். ஈ ஸ்ட்ரீட் பேண்டுக்கு அந்த மரியாதை 2014இல்தான் கிடைத்தது. நியூயார்க் விழாவில் ஸ்பிரிங்ஸ்டீன் அந்த உரையாடலை நினைவுகூர்ந்தபோது டேனி இறந்து ஆறு ஆண்டு ஆகியிருந்தது. அவருக்கான விருதை ஜேசன் வாங்கிக்கொண்டார். டேனியின் ஆர்கனை முப்பது ஆண்டுகளாக அடையாளம் கண்டு கேட்டுவந்த ரசிகர்களுக்கு, அவர் அந்த மேடையில் தானே நின்று வாங்கியிருக்க வேண்டியதில்லையா என்ற ஆற்றாமை இன்னும் இருக்கிறது. அது நியாயமான ஆற்றாமை.