நோராவுக்கு நிஜக் கதவு

இப்சனின் ‘பொம்மை வீடு’ 1879இல் கோபன்ஹேகன் ராயல் தியேட்டரில் அரங்கேறிய நாடகம். ஆனாலும் அதை நிஜமான ஒரு வீட்டுக் கூடத்தில் போடுவதே பொருத்தம் என்பேன். மூன்று அங்கமும் ஒரே அறையில்தான் நடக்கின்றன. கதையின் முடிச்சும் வீட்டுச் சாமான்களில்தான். பூட்டிய தபால் பெட்டி, அதன் சாவி கணவன் கையில். மனைவி நோரா ஒளித்துத் தின்னும் மக்கரூன் இனிப்பு. பெரிய அரங்கில் நோரா வாயைத் துடைத்துக்கொள்வது பின்வரிசைக்குத் தெரிய, நடிகை கையை வீசியாக வேண்டும். கூடத்தில் ஆறடி தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு விரல் நுனி அசைந்தாலே போதும். அடுத்து அவள் சொல்லும் பொய்க்கு அவரும் உடந்தை.

வீடே நிஜமென்றால் நடிப்பு எதற்கு, கலை என்பதே பாவனைதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1907இல் ஸ்டாக்ஹோமில் 161 இருக்கைகளோடு ‘அந்தரங்க அரங்கு’ தொடங்கிய நாடகாசிரியர் ஸ்ட்ரிண்ட்பெரி தேடியதும் நெருக்கத்தைத்தான். செங்கல் சுவரை அல்ல. ஆனால் மேடைக் கதவு வெறும் தட்டி. முடிவில் கணவனை விட்டு வெளியேறும் நோரா அதை அறைந்து சாத்தினால், கவனமாக அமைக்காவிட்டால், சுவரும் சேர்ந்து ஆடும்! வீட்டிலோ அவள் போன அதே கதவு வழியாகத்தான் பார்வையாளரும் போக வேண்டும், இடிந்துபோய் உட்கார்ந்திருக்கும் கணவனைத் தாண்டி. கைதட்டுவதா கூடாதா என்று அப்போது வரும் சங்கடத்தைத் திரை விழும் அரங்கு தருவதில்லை.